ஆகஸ்ட் மாதத் தண்ணீர்: காவிரித் தகராறில் முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது?

காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018 பிப்ரவரி 16 அன்றே வந்துவிட்டது. யாருக்கு எத்தனை டிஎம்சி என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, அதைக் கண்காணிக்க ஆணையமும் வைத்தாகிவிட்டது. அப்படியும் 2023 செப்டம்பரில் பெங்களூரில் ஒரு பந்த், மூன்று நாள் கழித்து கர்நாடகம் முழுக்க ஒரு பந்த், இந்தப் பக்கம் டெல்டாவில் காய்ந்த வயலில் நின்று போராட்டம். தீர்ப்பு வந்த வழக்கில் எதற்கு இத்தனை சண்டை என்று கேட்பது நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் முதலில் அளவுகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அவை புரியாமல் எந்தப் பக்கத்து வாதமும் புரியாது.

கனஅடி, டிஎம்சி, அடி: மூன்றும் வேறு வேறு

1. கனஅடி என்று செய்தியில் வருவது வேகம். "5,000 கனஅடி திறப்பு" என்றால் ஒவ்வொரு வினாடியும் 5,000 கனஅடி தண்ணீர் மதகைத் தாண்டுகிறது என்று அர்த்தம்.

2. டிஎம்சி என்பது கொள்ளளவு. ஆயிரம் மில்லியன் கனஅடி, நம் கணக்கில் நூறு கோடி கனஅடி, லிட்டரில் சுமார் 2,831 கோடி.

3. இரண்டையும் இணைக்கும் எண் 11,574. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. இந்த ஒரு எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தலைப்புச் செய்திகளை நீங்களே சரிபார்த்துவிடலாம். "15 நாளுக்கு 5,000 கனஅடி" என்று பெரிதாக வரும் உத்தரவைக் கணக்குப் போட்டால் ஆறரை டிஎம்சிதான் தேறும்.

4. அணையின் நீர்மட்டம் அடியில் சொல்லப்படுகிறது, இதுதான் அதிகம் ஏமாற்றும். மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடி இருந்தால் பாதி இருக்கிறது என்று தோன்றும், ஆனால் இருப்பது சுமார் 25 டிஎம்சி. நீர்த்தேக்கம் கிண்ணம் மாதிரி, மேலே அகலம், கீழே குறுகல். அதனால் கிருஷ்ணராஜ சாகர் (கே.ஆர்.எஸ்.) அணையின் 110 அடியையும் மேட்டூரின் 60 அடியையும் பக்கத்தில் வைத்து "பார், அங்கே எவ்வளவு, இங்கே எவ்வளவு" என்று பகிரப்படும் படங்களுக்குப் பெரிதாகப் பொருள் இல்லை. கே.ஆர்.எஸ். அணையே 124.80 அடிக்கு நிரம்பினாலும் 49.45 டிஎம்சிதான், மேட்டூரில் பாதி சொச்சம்.

ஓடும் தண்ணீர் யாருக்குச் சொந்தம்?

இந்தக் கேள்விக்கு உலகத்தில் மூன்று விதமான பதில்கள் சொல்லப்பட்டிருக்கின்றன.

1. என் எல்லைக்குள் ஓடும்வரை என் தண்ணீர். 1895-இல் அமெரிக்காவின் தலைமைச் சட்ட அதிகாரி ஹார்மன், ரியோ கிராண்டே நதி விஷயத்தில் மெக்சிகோவுக்கு எதிராகச் சொன்னது இது. சொன்ன அமெரிக்காவே 1906-இல் ஒப்பந்தம் போட்டு மெக்சிகோவுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டது. கேட்க வீரமாக இருக்கும், நடைமுறையில் யாராலும் கடைசிவரை பிடித்துக்கொண்டு நிற்க முடியாத வாதம்.

2. முதலில் பயன்படுத்தியவனுக்கு முதல் உரிமை. கல்லணைக் காலத்திலிருந்து பாசனம் செய்கிறோம் என்று டெல்டா சொல்வது இந்த வகை.

3. நதி ஓடும் எல்லோருக்கும் தேவையைப் பார்த்து நியாயமான பங்கு. 1966-இன் ஹெல்சிங்கி விதிகள் இதைத்தான் சொல்கின்றன. இந்தத் தகராறைத் தீர்க்க அமைந்த நடுவர் மன்றமும் உச்ச நீதிமன்றமும் காவிரிக்கு எடுத்துக்கொண்டதும் இதையே. நதி எந்த ஒரு மாநிலத்துக்கும் தனிச்சொத்து இல்லை என்று 2018 தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

இந்திய அரசியல் சட்டத்தில் தண்ணீர் மாநிலப் பட்டியலில் 17-ஆவது இடத்தில் இருக்கிறது. ஆனால் மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதி என்றால் மத்தியப் பட்டியலின் 56-ஆவது இனம் குறுக்கே வரும். அப்புறம் 262-ஆவது பிரிவு. இப்படிப்பட்ட தகராறுகளை நீதிமன்றங்கள் விசாரிக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் சட்டம் போடலாம் என்கிறது அது. அப்படி வந்ததுதான் 1956-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்த் தகராறுகள் சட்டம். மாநிலம் கேட்டு, பேசித் தீராது என்று மத்திய அரசுக்குத் தோன்றினால் நடுவர் மன்றம் அமைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காவிரிக்கு அந்த மன்றம் அமைந்தது 1990 ஜூன் 2 அன்று. அதுவும் தானாக அமையவில்லை, தமிழக விவசாயிகள் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்ட பிறகு.

1892, 1924: பழைய கணக்கு

சென்னை மாகாணத்துக்கும் மைசூர் சமஸ்தானத்துக்கும் 1892-இல் ஒரு உடன்பாடு, 1924-இல் இன்னொன்று. இரண்டாவதுதான் கே.ஆர்.எஸ். அணைக்கும் மேட்டூர் அணைக்கும் அடித்தளம். அதில் சில அம்சங்களை 50 ஆண்டு கழித்து மறுபரிசீலனை செய்யலாம் என்று இருந்தது. 1974 வந்ததும் கர்நாடகம் ஒப்பந்தமே காலாவதி என்றது, தமிழ்நாடு மறுபரிசீலனைக்கு உரியவை அந்தச் சில அம்சங்கள் மட்டும்தான் என்றது.

கர்நாடகத்தின் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மாகாணம், மறுபக்கம் அவர்களுக்குக் கட்டுப்பட்ட சமஸ்தானம். சமமானவர்கள் போட்ட ஒப்பந்தம் இல்லை என்பது அவர்கள் வாதம். நதி உற்பத்தியாவது குடகில், ஆனால் பாசனம் முதலில் விரிந்தது தஞ்சையில். பின்னால் கர்நாடகம் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று அணைகளைக் கட்டிப் பாசனப் பரப்பைக் கூட்டியது, இந்தப் பக்கமும் பரப்பு கூடிக்கொண்டே போனது. நதி மட்டும் அதே நதி.

தீர்ந்த கணக்கு

நடுவர் மன்றம் 1991 ஜூனில் இடைக்கால உத்தரவு போட்டது: ஆண்டுக்கு 205 டிஎம்சி மேட்டூருக்கு வர வேண்டும். கர்நாடகம் அதை ஒதுக்கித் தள்ள அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அந்த ஆண்டுக் கடைசியில் பெங்களூரில் தமிழர்கள் மீது வன்முறை நடந்தது. இறுதி உத்தரவு வர 2007 பிப்ரவரி 5 ஆயிற்று, அரசிதழில் ஏற 2013 பிப்ரவரி 19. பதினேழு ஆண்டு விசாரணை, ஆறு ஆண்டு அச்சுக்குக் காத்திருப்பு!

அந்த உத்தரவின் கணக்கு இது. சராசரியாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை காவிரிப் படுகை முழுவதிலும் எதிர்பார்க்கக்கூடிய நீர் 740 டிஎம்சி. இதில்,

1. தமிழ்நாடு 419
2. கர்நாடகம் 270
3. கேரளம் 30
4. புதுச்சேரி (காரைக்காலுக்காக) 7
5. சுற்றுச்சூழலுக்கு 10
6. தடுக்க முடியாமல் கடலுக்குப் போவது 4

தமிழ்நாட்டுக்கு 419 என்றதும் அத்தனையும் கர்நாடகம் தர வேண்டும் என்று நினைத்துவிடக் கூடாது. பவானி, நொய்யல், அமராவதி, நம் பக்கத்து மழை எல்லாம் அதற்குள் அடக்கம். எல்லையைத் தாண்டி வர வேண்டியது 192 டிஎம்சி. உச்ச நீதிமன்றம் 2018-இல் இதில் 14.75-ஐக் குறைத்து 177.25 ஆக்கியது. குறைத்ததற்கு இரண்டு காரணம். டெல்டாவில் நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டிஎம்சியைக் கணக்கில் எடுக்கலாம் என்பது ஒன்று. மற்றொன்று பெங்களூரின் குடிநீர், 4.75. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று பார்த்து நடுவர் மன்றம் குடிநீரைக் கணக்கிட்டிருந்தது, உச்ச நீதிமன்றம் ஊர் முழுவதற்கும் தண்ணீர் வேண்டும் என்று எடுத்துக்கொண்டது. ஆக இப்போது தமிழ்நாட்டின் பங்கு 404.25, கர்நாடகத்தின் பங்கு 284.75. பதினைந்து ஆண்டுக்கு இதில் மாற்றம் இல்லை.

ஆண்டுக் கணக்கு இவ்வளவுதான், இது தீர்ந்துபோனது. இதற்காக இன்று யாரும் சாலையை மறிப்பதில்லை.

மாதக் கணக்கு

177.25 டிஎம்சியை எப்போது வேண்டுமானாலும் கொடுத்து முடித்துவிடலாம் என்று இல்லை, மாதவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76, அக்டோபர் 20.22, நவம்பர் 13.78, டிசம்பர் 7.35, ஜனவரி 2.76, பிப்ரவரி முதல் மே வரை மாதம் 2.5.

முதல் நான்கு மாதங்களைக் கூட்டிப் பாருங்கள், 123.14. ஆண்டுத் தண்ணீரில் கிட்டத்தட்ட 70 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பருக்குள் வந்தாக வேண்டும். காரணம் வானத்திலும் இருக்கிறது, வயலிலும் இருக்கிறது. குடகுக்கும் வயநாட்டுக்கும் மழை கொடுப்பது தென்மேற்குப் பருவமழை, ஜூன் முதல் செப்டம்பர் வரை. டெல்டாவுக்கு மழை வடகிழக்கில், அக்டோபருக்குப் பிறகு. மழை இல்லாத அந்த நான்கு மாதத்தில் டெல்டா நம்பி இருப்பது ஆற்றை மட்டும்.

வயலில் என்ன நடக்கிறது? மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள், கடைமடை வாய்க்காலுக்குப் போக அதற்கு மேலும் ஆகும். அதை நம்பிக் குறுவைக்கு நாற்று விடுவார்கள், குறுகிய காலப் பயிர், செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கத்தில் அறுத்துவிட வேண்டும், தப்பினால் வடகிழக்கு மழையில் நனைந்து நெல் முளைத்துவிடும். ஆகஸ்டிலிருந்து சம்பா தொடங்கும், நான்கைந்து மாதப் பயிர். சம்பா நடவு தள்ளிப்போனால் நவம்பர் மழை வரும்போது பயிர் இளசாக இருக்கும், ரெண்டு நாள் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். அதாவது ஆகஸ்டில் வர வேண்டிய 10 டிஎம்சியை நவம்பரில் கொண்டுவந்து கொட்டினால் ஏட்டில் கணக்கு நேராகிவிடும், வயலில் அது உதவாதது மட்டும் இல்லை, கெடுதல்.

கர்நாடகத்தின் நிலைமை என்ன? அவர்களிடம் உள்ள நான்கு பெரிய அணைகளின் மொத்தக் கொள்ளளவு 114.57 டிஎம்சி. தென்மேற்கு மழை முடிந்துவிட்டால் அவர்களுக்கு அடுத்த ஜூன் வரை பெரிதாக வரத்து இல்லை, பெங்களூரு, மைசூரு குடிநீர் உட்பட எல்லாம் அந்தச் சேமிப்பில்தான் ஓட வேண்டும். எனவே ஆகஸ்ட், செப்டம்பரில் அணையை நிரப்பிக்கொள்ளப் பார்ப்பார்கள். டெல்டாவுக்குத் தண்ணீர் வேண்டிய அதே நாளில்தான் அவர்களுக்கு மூடிவைக்க வேண்டியிருக்கிறது.

நல்ல மழை ஆண்டில் இந்தச் சிக்கல் கண்ணுக்கே தெரியாது. கபினி 19.52 டிஎம்சி மட்டுமே கொள்ளும் அணை, வயநாட்டில் நாலு நாள் அடித்துப் பெய்தால் நிரம்பி உபரி தானாக இறங்கிவிடும். 2022-23-இல் எல்லையைத் தாண்டி வந்தது 600 டிஎம்சிக்கும் மேல். கொள்ளிடம் வழியாகப் பெரும்பகுதி கடலுக்குப் போனது, "கடலில் விடுகிறீர்களே, அப்புறம் எதற்கு எங்களிடம் கேட்கிறீர்கள்" என்ற பேச்சும் உடனே வந்தது. வெள்ளம் சில வாரத்தில் மொத்தமாக வருவது. மேட்டூர் நிரம்பிய பின் அதைப் பிடித்துவைக்கச் சமதளமான டெல்டாவில் இடம் கிடையாது. கதவணை, ஏரி குளம் தூர்வாருதல் என்று இன்னும் செய்திருக்கலாம், அது உண்மை. ஆனால் அதைச் செய்திருந்தாலும் அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்கு அது பதில் ஆகியிருக்காது.

மழை குறைந்தால் என்ன? இங்கேதான் முடிச்சு

நடுவர் மன்ற உத்தரவில் இதற்கும் ஒரு வரி உண்டு. நீர் வரத்து குறைந்த ஆண்டில் எல்லா மாநிலங்களின் பங்கும் அதே விகிதத்தில் குறைய வேண்டும். கேட்கச் சுலபம். வரத்து 40 சதவீதம் குறைவு என்றால் 177.25 என்பது சுமார் 106 ஆகும், கர்நாடகத்தின் 284.75 என்பது சுமார் 171 ஆகும். இருவருக்கும் ஒரே வெட்டு.

சிக்கல் என்னவென்றால் எதை வைத்து எப்போது அந்த 40-ஐச் சொல்வது என்பதில் ஒப்புக்கொண்ட சூத்திரம் இல்லை.

1. நீர் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மொத்தம் எவ்வளவு குறைந்தது என்று உறுதியாகத் தெரிய வடகிழக்கு மழையும் முடிய வேண்டும், அதாவது ஜனவரி. நாற்று விடுவதோ ஜூனில். கணக்கு முடிவதற்குள் பயிர் முடிந்துவிடும்.

2. கர்நாடகம் சொல்வது: தமிழ்நாட்டுக்கு வடகிழக்கு மழை இனிமேல் வரும், எங்களுக்கு வராது, அதையும் சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாடு சொல்வது: வராத மழையை இருப்பில் காட்டாதீர்கள்.

3. குடிநீரை முதலில் எடுத்துவைத்துவிட்டு மீதியை விகிதம் போடுவதா, மொத்தத்தில் போடுவதா?

4. அணைகளுக்கு வந்த நீரை மட்டும் கணக்கிடுவதா, மேட்டூரில் முன்பே இருந்த இருப்பையும் சேர்ப்பதா? சேர்த்தால், சிக்கனமாக வைத்திருந்தவனுக்குத்தான் அடுத்த ஆண்டு குறையும்.

இப்போதைக்கு, கர்நாடக அணைகளுக்கு வந்த நீரைக் கடந்த 30 ஆண்டு சராசரியோடு ஒப்பிட்டு ஒரு குறைவு சதவீதம் கண்டு, அதை வைத்து அவ்வப்போது முடிவெடுக்கிறார்கள். இது தற்காலிக ஒட்டு.

யார் முடிவெடுப்பது, யார் கதவைத் திறப்பது?

2018 ஜூன் 1 அன்று அறிவிக்கப்பட்ட ஏற்பாட்டில் இரண்டு அடுக்கு. மேலே காவிரி நீர் மேலாண்மை ஆணையம், கீழே காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு. குழு அன்றாட இருப்பு, வரத்து எல்லாம் பார்த்துப் பரிந்துரைக்கும், ஆணையம் உறுதி செய்யும். ஆனால் எந்த அணையின் ஷட்டரும் இவர்கள் கையில் இல்லை. அது அந்தந்த மாநிலத்து நீர்வளத் துறையிடம். ஒரு மாநிலம் ஒத்துழைக்காவிட்டால் மத்திய அரசின் உதவியைக் கேட்கலாம் என்பதுதான் ஆணையத்துக்குத் தரப்பட்டிருக்கும் பலம்.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் அட்டவணைப்படி 36.76 டிஎம்சி வர வேண்டும் என்றால் மாதம் முழுக்கச் சராசரியாக வினாடிக்கு 14,000 கனஅடிக்கு மேல் ஓட வேண்டும். மழை பொய்த்ததால் உத்தரவானது 5,000. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. ஒரே 5,000-ஐ மண்டியா விவசாயி "இல்லாததில் பிடுங்குகிறார்கள்" என்று பார்த்தார், திருவாரூர் விவசாயி "மூன்றில் ஒரு பங்குதான்" என்று பார்த்தார். இரண்டும் சரியான கணக்கு. வினாடிக்கு 5,000 வந்தால் மேட்டூரிலிருந்து 10,000 திறந்துவிட்டுச் சமாளிக்க முடியாது, இருப்பு கரைந்துகொண்டே போகும். ஜூன் 12-இல் திறந்த அணையை அந்த ஆண்டு அக்டோபரிலேயே பாசனத்துக்கு மூட வேண்டியதாயிற்று. அந்த நீர் ஆண்டு முழுவதும் எல்லையைத் தாண்டி வந்தது 177.25-இல் பாதியைக்கூடத் தொடவில்லை.

என் பார்வையில் இதில் ஒரு சமமின்மை எப்போதும் இருக்கும், அதைத் தீர்ப்பால் நீக்க முடியாது. மேலே இருப்பவரிடம் கதவு இருக்கிறது, கீழே இருப்பவரிடம் மனு இருக்கிறது. மனு விசாரணைக்கு வரும் இரண்டு வாரத்தில் நாற்று காய்ந்துவிடும். அதனால்தான் மழை குறைந்த ஆண்டில் எப்படிப் பிரிப்பது என்ற இடர்ப்பாட்டுச் சூத்திரம் முன்கூட்டியே, மழை நன்றாக இருக்கும் ஆண்டில், யாருக்கும் கோபம் இல்லாதபோது எழுதப்பட வேண்டும். நல்ல ஆண்டில் இதைப் பேச எந்த அரசியல்வாதிக்கும் அவசரம் இல்லை என்பது வேறு விஷயம்.

பிலிகுண்டுலுவும் மேகதாதுவும்

எல்லையைத் தாண்டியது எவ்வளவு என்பதை அளப்பது பிலிகுண்டுலுவில், மத்திய நீர் ஆணையத்தின் நிலையத்தில். ஒகேனக்கலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. செய்தித்தாளில் "காலை 8 மணி நிலவரப்படி" என்று வருவதற்குப் பின்னால் இருப்பது இங்கே எடுக்கும் அளவு.

இந்த இடத்துக்கு வரும் தண்ணீர் இரண்டு வகை. ஒன்று கே.ஆர்.எஸ்., கபினி அணைகளிலிருந்து திறந்து விடுவது. மற்றது அந்த அணைகளுக்குக் கீழே பெய்யும் மழை, சிம்சா, அர்க்காவதி ஆறுகள் வழியாகத் தானாகச் சேர்வது. இதை யாரும் திறக்க வேண்டியதில்லை, மூடவும் முடியாது. வறண்ட ஆண்டில், உத்தரவுக்கும் பேச்சுவார்த்தைக்கும் காத்திருக்காமல் மேட்டூருக்கு வந்து சேர்வது இதுதான்.

மேகதாது இருப்பது அர்க்காவதி வந்து சேரும் சங்கமத்துக்குக் கீழே. அங்கே 67.16 டிஎம்சி கொள்ளும் அணை கட்டக் கர்நாடகம் கேட்கிறது. பெங்களூரின் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும்தான், 177.25-இல் ஒரு சொட்டும் குறையாது என்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அணை வந்த மறுநாள் சிம்சாவும் அர்க்காவதியும் ஒரு ஷட்டருக்குப் பின்னால் போய்விடும். அப்புறம் பிலிகுண்டுலுவில் காலை 8 மணிக்குக் காணும் தண்ணீர் முழுவதும் யாரோ ஒருவர் திறந்துவிட்டதாக மட்டுமே இருக்கும், ஆகஸ்டிலும்.